ரெசிடென்சி மாற உதவும் கட்டண சேவை: வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது

அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் டாக்டர்கள் எடுக்கும் துறைப் பயிற்சி, செய்பவர் யாராவது வீட்டுக் காரணத்துக்காக வேறு ஊர் புரோகிராமுக்கு மாற நினைத்து ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினால் போதும், மறுநாளிலிருந்து விளம்பரங்கள் துரத்த ஆரம்பித்துவிடும். காலி இடங்கள் உங்கள் மின்னஞ்சலுக்கே வரும், கடிதம் நாங்களே எழுதித் தருவோம், புரோகிராம் டைரக்டரிடம் என்ன பேச வேண்டும் என்று பயிற்சி தருவோம், இப்படி. அதில் ஒன்றை நான் காசு கொடுத்து வாங்கினேன். இன்டர்னல் மெடிசின் முதல் வருடத்தை ஒரு மாநிலத்தில் முடித்து, இரண்டாம் வருடத்துக்கு மனைவி இருக்கும் மாநிலத்துக்கு மாறியும் விட்டேன். இரண்டும் நடந்தது, ஆனால் முதலாவதால் இரண்டாவது நடக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த இரண்டும் எதற்கு என்று கீழே வரும். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன, விளம்பர வாசகம்கூட ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எதை வாங்க நினைப்பவருக்கும் இது பயன்படும்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆளுக்கு ஆள் இது மாறும். மனைவி பீடியாட்ரிக்ஸ், எனக்கு ஒரு வருடம் சீனியர். ரெசிடென்சி இடங்களை விருப்பப் பட்டியல் வைத்து ஒதுக்கும் மேட்ச்சில், தம்பதிகள் சேர்ந்து போக கப்புள்ஸ் மேட்ச் என்று ஒன்று 1984 முதலே இருக்கிறது, ஆனால் இருவரும் ஒரே வருடம் மேட்ச்சுக்குப் போனால்தான் அது உதவும். நாங்கள் வேறு வேறு வருடம். அவள் இருக்கும் ஊருக்குப் பக்கத்து ஊர்களாகப் பார்த்து நான் எல்லாவற்றையும் ரேங்க் செய்தும் எனக்கு விழுந்தது விமானத்தில் போகிற தூரம். இன்டர்ன் வருடத்தின் நடுவில் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்தது. அவளை மாறச் சொல்வதில் அர்த்தமில்லை, மூன்று வருடத்தில் பாதியைத் தாண்டிவிட்டாள், அங்கே அவள் தொடர்ந்து பார்த்துவரும் கன்டினியூட்டி கிளினிக் நோயாளிகள் இருக்கிறார்கள். ஆகவே மாற வேண்டியது நான். நான், வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசா. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த சேவைக்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

வாங்கிய தொகுப்பில் மூன்று சமாச்சாரம்: காலி இட அறிவிப்பு, கடிதம் மற்றும் சி.வி. திருத்தம், வீடியோ அழைப்பில் ஆலோசனை. விலை, ஒரு ரெசிடென்ட் சம்பளத்தில் யோசித்துக் கொடுக்க வேண்டிய விலை. அதிலும் இரண்டு வீட்டு வாடகை கட்டிக்கொண்டு, லீவு கிடைக்கிற வார இறுதிக்கெல்லாம் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு இருக்கிற ஆளுக்கு.

முதலில் அந்தக் காலி இட அறிவிப்பு. வாரா வாரம் வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துறை, வருடம், மாநிலம் எல்லாம் கட்டம் போட்டு. ஒரு நாள் இரவுப் பணியான நைட் ஃப்ளோட்டில் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அமெரிக்க மருத்துவச் சங்கமான ஏ.எம்.ஏ. நடத்தும் ஃப்ரீடா தளத்தின் காலி இடப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். அதே வரிசை, அதே வாக்கியங்கள், ஒரு இடத்தில் அதே எழுத்துப் பிழைகூட. ஃப்ரீடாவில் இல்லாத சில இடங்களும் இருந்தன, அவற்றில் பாதிக்குப் போன் செய்தால் கோஆர்டினேட்டர் மரியாதையாக “அது எப்போதோ நிரம்பிவிட்டதே” என்கிறார். சர்ஜரிக்காரர்களுக்கு அவர்களுடைய புரோகிராம் டைரக்டர்கள் சங்கமான ஏ.பி.டி.எஸ். தளத்திலேயே காலி இடங்கள் போடுகிறார்கள். வேறு சில துறைச் சங்கங்களும் அப்படித்தான். அதாவது நேராகப் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடியதை மின்னஞ்சலில் வாங்குவதற்குக் காசு. சரி, நேரம் மிச்சம் என்று சொல்லலாம். வாரத்துக்கு 80 மணி நேரம் வேலை பார்ப்பவனுக்கு நேரமும் காசுதான். ஆனால் நிரம்பிய இடத்துக்குப் போன் செய்வதில் நேரம் எங்கே மிச்சமாகிறது?

இந்தப் பட்டியல்கள் ஏன் எப்போதும் பழையதாகவே இருக்கின்றன என்பதை அந்த ஆலோசகர் சொல்லவே இல்லை, அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு புரோகிராம் ஆசைப்பட்டால் ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் இத்தனை ரெசிடென்ட் என்று, ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.ஈ. எண்ணிக்கை ஒப்புதல் கொடுத்திருக்கும், கூட்ட வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் பணம். ரெசிடென்சிக்கு மருத்துவமனைகள் பெறும் பணத்தில் பெரும்பங்கு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து வருகிறது, 1997ல் வந்த சட்டம் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு 1996ல் இருந்த எண்ணிக்கையை உச்சவரம்பாக்கி நிறுத்திவிட்டது. பின்னால் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினார்கள், இருந்தாலும் அடிப்படைக் கணக்கு அதுதான். ஆகவே இரண்டாம் வருடத்தில் ஒரு இடம் காலியாக வேண்டுமென்றால் அங்கிருந்து யாராவது போயிருக்க வேண்டும்: அனஸ்தீசியாவுக்கோ ரேடியாலஜிக்கோ மாறியவர், உடம்பு சரியில்லாமல் நின்றவர், என்னைப் போல வீட்டுக்காக ஊர் மாறியவர். அப்படி ஒருவர் போகப்போகிறார் என்பது அந்த புரோகிராம் டைரக்டருக்கு முதலில் தெரியும், அவருக்குத் தெரிந்த மற்ற டைரக்டர்களுக்கு அடுத்து தெரியும், எல்லோரும் கையை விரித்த பிறகுதான் அது பட்டியலுக்கு வரும். வரும்போது அதில் ஏதோ ஒரு சிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள்.

இன்னொரு பணக் கணக்கும் இருக்கிறது, நேர்காணலில் கேட்கிறார்கள். ஒரு ரெசிடென்ட் முதலில் எந்தத் துறையில் சேர்ந்தாரோ அந்தத் துறைக்குத் தேவையான வருடங்கள்வரைதான், அதிகபட்சம் ஐந்து, மெடிகேர் அவருக்கு நேரடிப் பயிற்சிச் செலவை முழுதாகக் கணக்கிடும். அதைத் தாண்டினால் பாதி ஆளாகத்தான் எண்ணுவார்கள். இன்டர்னல் மெடிசினுக்கு மூன்று வருடம். ஒரு வருடம் முடித்து அதே துறையில் இரண்டாம் வருடத்துக்குப் போகிறவருக்கு இரண்டு வருடம் மிச்சம், இடித்துக்கொள்வதில்லை. ஆனால் “முதல் வருடத்தை மறுபடி செய்யவும் தயார்” என்று ஆர்வக் கோளாறில் எழுதிவிட்டால், படிப்பவர் மனதில் ஒரு வருடப் பாதிப் பணம் ஓட ஆரம்பிக்கும். அந்த வரி, நம்புங்கள், அவர்கள் எனக்கு எழுதித் தந்த கடிதத்திலேயே இருந்தது.

கடிதத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பக் கோபம் அதில்தான். நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி: மனைவி உங்கள் ஊரில் பீடியாட்ரிக்ஸ் ரெசிடென்ட், இந்த மாதத்தில் குழந்தை எதிர்பார்க்கிறோம், குடும்பத்தில் உதவிக்கு வேறு யாரும் இந்த நாட்டில் இல்லை, என் டைரக்டருக்கு இது தெரியும். திரும்பி வந்தது ஒன்றரைப் பக்கம். “பெரு மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு” என்று ஆரம்பித்து, பிரிவின் வலி என் மருத்துவப் பார்வையை எப்படி ஆழமாக்கியது என்று ஒரு பத்தி, வீடியோ அழைப்பில் ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாக ஒரு பத்தி (நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, ஸ்கேன் அன்று ஐ.சி.யு.வில் சென்ட்ரல் லைன் போட்டுக்கொண்டிருந்தேன்), கடைசியில் அவர்கள் புரோகிராம் என் கனவு என்று ஒரு பத்தி. எந்த புரோகிராம் என்ற இடத்தில் கட்டம் மட்டும் விட்டிருந்தது, பெயரை நிரப்பிக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த மாதிரி. டைரக்டர்கள் இதையெல்லாம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிறவர்கள், ரெண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். திருத்தம் கேட்டேன், கண்ணீரை எடுத்துவிட்டு “நெகிழ்ந்தேன்” என்று போட்டு அனுப்பினார்கள். நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என் நாலு வரியையே அனுப்பினேன். பதில் வந்ததெல்லாம் அந்த நாலு வரிக்குத்தான்.

அந்தக் கடைசி வரி, “என் டைரக்டருக்கு இது தெரியும்” என்பதையும் அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது ஆலோசகர் சொன்னது: இப்போதைக்கு உங்கள் டைரக்டரிடம் சொல்லாதீர்கள், வேறு இடம் உறுதியான பிறகு சொல்லுங்கள், முன்னாடியே சொன்னால் பழிவாங்குவார். கேட்க விவரமான பேச்சாகத் தோன்றும். ஆனால் ஏ.சி.ஜி.எம்.ஈ.யின் பொது விதிகளிலேயே இருக்கிறது: மாறி வருகிற ரெசிடென்ட்டை ஏற்பதற்கு முன், புது புரோகிராம் பழைய பயிற்சி விவரத்தைச் சரிபார்க்க வேண்டும், பழைய இடத்திலிருந்து திறன் அடிப்படையிலான முழு மதிப்பீட்டை வாங்க வேண்டும், சேர்ந்தபின், பயிற்சியில் படிப்படியான முன்னேற்றத்தைக் காட்டும் மைல்ஸ்டோன் மதிப்பெண்களும் வர வேண்டும். இதையெல்லாம் தர வேண்டியவர் உங்கள் டைரக்டர். அவருக்குத் தெரியாமல் இடம் “உறுதி” ஆவது என்பதே இல்லை. ரகசியமாகப் பேசிக்கொண்டே போய், கடைசி நேரத்தில் அங்கிருந்து ஒரு போன் வந்து அவருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

எங்கள் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர், இப்போது வேறு மாநிலத்தில் ஃபேகல்டி, நான் இதைச் சொன்னதும் போனிலேயே திட்டினார். “தம்பி, முதல்ல உன் புரோகிராம் டைரக்டர்கிட்ட போய் உட்காரு. அவருக்கு உன்னைப் பிடிக்குதோ இல்லையோ, அவர் போன் பண்ணாம எவனும் உன்னை எடுக்க மாட்டான்.” இந்த ஆலோசனைக்கு அவர் காசு வாங்கவில்லை.

போய் உட்கார்ந்தேன். டைரக்டர் அறையில் அவருடைய அசிஸ்டன்ட் டைரக்டரும் இருந்தார். சொல்லி முடித்ததும் டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி: “இது முடிவா, யோசனையா? யோசனை என்றால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். முடிவு என்றால் அடுத்த வருட அட்டவணையை இப்போதே மாற்ற வேண்டும்.” அட்டவணைதான் அவர் கவலை, நியாயம்தானே, நான் போனால் என் ஆன்-கால் டியூட்டி எல்லாம் என் பேட்ச்மேட்கள் தலையில் விழும். முடிவு என்றேன். மனைவி இருக்கும் ஊரைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் புரோகிராம்களின் பட்டியலைக் கேட்டார், அதில் அவருக்குத் தெரிந்த பெயர்களுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளில் ஒன்றில்தான் இப்போது வேலை பார்க்கிறேன். அங்கே ஒருவர் நியூராலஜிக்கு மாறியதால் இரண்டாம் வருட இடம் காலி, அது எந்தப் பட்டியலிலும் அப்போது இல்லை.

எல்லா டைரக்டரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கேட்டவுடன் முகம் மாறுகிறவர்கள், மதிப்பீட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் சீஃப் ரெசிடென்ட்டிடமோ நம்பிக்கையான ஃபேகல்டியிடமோ பேசிவிட்டுப் போவது நல்லது. டைரக்டருக்கு மேலே டி.ஐ.ஓ. என்று ஒரு பொறுப்பாளர் ரெசிடென்சி நடத்தும் எல்லா நிறுவனத்திலும் இருக்கிறார், டாக்டர்களின் பயிற்சியைக் கவனிக்கும் ஜி.எம்.ஈ. அலுவலகம் இருக்கிறது, சில இடங்களில் புகார் கேட்பதற்கென்றே தனி ஆள் இருக்கிறார். உண்மையில் ஒரு கட்டண ஆலோசகர் பயன்பட வேண்டிய இடம் இதுதான், மோசமான டைரக்டரை எப்படிச் சமாளிப்பது என்பது. என்னிடம் பேசிய ஆளுக்கு டி.ஐ.ஓ. என்ற எழுத்துகளே புதிது போலிருந்தது, “அது எந்த விசா?” என்று கேட்டார். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

இப்போது நல்லதைச் சொல்ல வேண்டும், இரண்டு நட்சத்திரத்துக்கும் காரணம் இது ஒன்றே. மூன்றாவது சமாச்சாரமான வீடியோ அழைப்பில் ஒரு மாதிரி நேர்காணலும் உண்டு. அதை எடுத்தவர் அந்த முதல் ஆலோசகர் இல்லை, பல வருடம் புரோகிராம் கோஆர்டினேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். வந்தார், கேமராவைச் சரிசெய்தார், காபியைக் கீழே வைத்தார், முதல் கேள்வி: “உங்கள் மனைவி உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் முடிக்கிறார். அவருக்கு வேறு ஊரில் ஃபெலோஷிப் கிடைத்தால் எங்களையும் விட்டுவிட்டுப் போவீர்களா?” எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதுதான் எல்லா டைரக்டரும் மனதில் கேட்கிற கேள்வி என்றார். பொதுவாக நேர்காணலில் குடும்பம், பிள்ளை பற்றிக் கேட்கத் தயங்குவார்கள், ஆனால் மாறுகிற காரணமே அதுதான் என்று நீங்களே சொன்னபின் பேச்சு அங்கேதான் போகும். மழுப்பினால் தீர்ந்தது. நாங்கள் அன்று ராத்திரியே உட்கார்ந்து பேசினோம், அவள் முடித்ததும் ரெசிடென்சிக்குப் பிந்தைய மேற்பயிற்சியான ஃபெலோஷிப்பைத் தள்ளிவைத்து, அங்கேயே வார்டு நோயாளிகளைப் பார்க்கும் ஹாஸ்பிடலிஸ்ட்டாக இருப்பது என்று. அது எங்கள் வாழ்க்கைக்கும் எடுக்க வேண்டிய முடிவு. உண்மையான நேர்காணலில் இதே கேள்வி, கொஞ்சம் சுற்றி வளைத்து, வந்தது. பதில் கையில் இருந்தது.

அந்த அம்மா இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பழைய புரோகிராமைப் பற்றிக் குறையே பேசக்கூடாது, உண்மையாகவே குறை இருந்தாலும். வீட்டுக் காரணம் என்று வருகிறவர்களில் சிலருக்கு உள்ளே வேறு பிரச்சினை, தேர்ச்சியில் சிக்கல், ப்ரொபேஷன் என்று இருக்கும், அதைத்தான் நேர்காணல் எடுப்பவர்கள் மோப்பம் பிடிக்கப் பார்ப்பார்கள். அதனால் கேட்கும் முன்பே மைல்ஸ்டோன் அறிக்கையையும் இன்-டிரெய்னிங் தேர்வு மதிப்பெண்ணையும் அனுப்பிவிடச் சொன்னார். இரண்டாவது, கோஆர்டினேட்டரிடம் எழுதும்போது டைரக்டரிடம் எழுதுகிற மரியாதையோடு எழுதுங்கள், மின்னஞ்சலைத் திறப்பவர் அவர்தான் என்றார். இந்த அம்மாவின் நேரத்தை மட்டும் தனியாக விற்றால் நாலு நட்சத்திரம் கொடுப்பேன். கேட்டுப் பார்த்தேன், தனியாகத் தருவதில்லையாம்.

விசா விஷயத்தில் பூஜ்யம். ஜே-1 டாக்டர்களுக்கு ஸ்பான்சர் மருத்துவமனை இல்லை, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்புதான். உங்கள் ஜே-1க்கான டி.எஸ்-2019 தாளில் எந்த இடம் போட்டிருக்கிறதோ அங்கேதான் பயிற்சி எடுக்கலாம், புது இடத்துக்கு ஈ.சி.எஃப்.எம்.ஜி. ஒப்புதல் தந்து புதுத் தாள் வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க முடியும். அதே துறையில் வேறு மருத்துவமனைக்குப் போவதும், துறையையே மாற்றுவதும் வேறு வேறு. துறையை மாற்ற ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு, அதுவும் முதல் இரண்டு வருடத்துக்குள். ஆலோசகர் எனக்கு “மெடிசின் கிடைக்காவிட்டால் அந்த ஊரிலேயே ஃபேமிலி மெடிசினோ சைக்கியாட்ரியோ போய்விடலாம், பிறகு திரும்பி வரலாம்” என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். திரும்பி வர முடியாது. அந்த ஒரு வாய்ப்பை எரித்துவிட்டு நிற்க வேண்டியதுதான். வேலை விசாவான எச்-1பி என்றால் கதை வேறு, புது மருத்துவமனை உங்களுக்காகப் புது மனு போட வேண்டும், எச்-1பி தருவதே இல்லை என்று வைத்திருக்கும் புரோகிராம்கள் நிறைய, எனவே அதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும். இதற்கெல்லாம் ஜி.எம்.ஈ. அலுவலகத்தின் விசா பொறுப்பாளரும், தேவைப்பட்டால் குடியேற்ற வழக்கறிஞரும் இருக்கிறார்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் வழக்கறிஞருக்குச் செலவழியுங்கள்.

மேட்ச் விதியிலும் தப்பான தகவல். இதைப் படிப்பவர்களில் மார்ச்சில் மேட்ச் ஆகி இன்னும் ஜூலை வராதவர்கள் இருந்தால் கவனமாகப் படியுங்கள். மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் ஒப்பந்தப்படி மேட்ச் ஆனவர் அந்த இடத்தில் சேர்ந்து, பணி தொடங்கும் நாளிலிருந்து 45 நாளாவது இருந்தாக வேண்டும். அதற்கு முன் விலக வேண்டிய கட்டாயம் வந்தால் என்.ஆர்.எம்.பி.யிடமே விலக்கு கேட்க வேண்டும், கடுமையான நெருக்கடி என்பது அதற்கு ஒரு காரணமாக ஏற்கப்படும். உங்கள் டைரக்டர் “சரி போங்க” என்று சொன்னால் போதாது, விலக்கு தருகிற அதிகாரம் அவருக்கு இல்லை. விலக்கு வரும்வரை அதே வருடத்தில் தொடங்கும் வேறு இடத்துக்கு விண்ணப்பிப்பது, பேசுவது, நேர்காணல் எதுவும் கூடாது. மீறினால் பின்னால் மேட்ச்சில் கலந்துகொள்ளவே தடை வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம், அப்பாவுக்குப் புற்றுநோய் என்று மே மாதத்திலேயே தவித்துக்கொண்டிருந்தவரிடம், இதே சேவை “இப்போதே மற்ற இடங்களுக்கு எழுத ஆரம்பியுங்கள்” என்று சொல்லியிருக்கிறது. நல்லவேளை அவர் எழுதவில்லை, விலக்கு கேட்டார்.

மற்ற துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த சேவை எல்லாத் துறைக்கும் ஒரே தொகுப்பைத்தான் விற்கிறது. ஃபேமிலி மெடிசினில் கடைசி இரண்டு வருடமும் ஒரே புரோகிராமில் முடிக்க வேண்டும் என்பது, தேர்வு வைத்துத் துறைச் சான்று தரும் போர்டின் விதி, இரண்டாம் வருடம் ஆரம்பித்த பிறகு மாற வேண்டுமென்றால் நெருக்கடி காரணம் காட்டி போர்டிடம் அனுமதி வாங்க வேண்டும். சர்ஜரியிலும் கடைசி இரண்டு வருடம் ஒரே இடம். இன்டர்னல் மெடிசினில் அந்தத் தொல்லை குறைவு, திருப்தி என்று பதிவான மாதங்கள் கணக்கில் வந்துவிடும். ஆகவே எந்த வருடத்தில் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதை முழுக்க மாறும், உங்கள் போர்டு தளத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் யாருக்கும் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

அப்புறம் லீவு. குழந்தைக்காக மாறுகிறவனிடம் குழந்தை எப்போது என்று ஆலோசகர் கேட்கவே இல்லை. 1993ல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தில், எஃப்.எம்.எல்.ஏ. என்பார்களே அதில், 12 வாரம் சம்பளமில்லா லீவு உண்டு, ஆனால் அந்த முதலாளியிடம் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். மாறினால் புது முதலாளியிடம் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஜூலையில் மாறி செப்டம்பரில் குழந்தை என்றால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. கைகொடுப்பது ஏ.சி.ஜி.எம்.ஈ. விதி: 2022 ஜூலை முதல், பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது ஆறு வாரம் முழுச் சம்பளத்தோடு பிரசவ, பெற்றோர், பராமரிப்பு லீவு தர வேண்டும், அதுவும் பணியில் சேர வேண்டிய முதல் நாளிலிருந்தே. அப்பாக்களுக்கும்தான். நான் இதை நேர்காணலில் கேட்கவில்லை, ஒப்பந்தம் வந்த பிறகு ஜி.எம்.ஈ. அலுவலகத்தில் விடுப்புக் கொள்கையை அனுப்பச் சொல்லிப் படித்துக்கொண்டேன், கையெழுத்து போட்ட மறுநாளே டைரக்டரிடம் தேதியைச் சொன்னேன். முன்னாடியே சொல்ல வேண்டும் என்பவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை கர்ப்பம் கடிதத்திலேயே இருந்தது, மறைத்ததாக ஆகாது.

உரிமம், பின்னணிச் சரிபார்ப்பு, கைரேகை எல்லாம் புது மாநிலத்தில் முதலிலிருந்து. பயிற்சி உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி, நம்மைப் போல வெளிநாட்டுக் கல்லூரி என்றால் சான்று ஊரிலிருந்து வந்து சேர வேண்டும், ஆகவே இடம் கிடைத்த அன்றே விண்ணப்பிப்பது உத்தமம். நான் படித்த கல்லூரியில் வேலை நகர என் தம்பி நேரில் போய் கவுன்டரில் நிற்க வேண்டியிருந்தது. இதைப் பற்றியும் தொகுப்பில் ஒரு வரி கிடையாது.

யார் வாங்கலாம் என்று கேட்டால், நேர்காணல் பேச்சில் தடுமாறுகிறவர்கள், சுற்றி ஒரு சீனியர்கூட இல்லாதவர்கள், அந்தக் கோஆர்டினேட்டர் அம்மாதான் எடுப்பார் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் வாங்கலாம். பட்டியலுக்காகவும் கடிதத்துக்காகவும் வேண்டாம். விசாவில் இருப்பவர்கள் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் இடம் மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் ஏற்பாடு செய்வதாகவும் ஒரு கூடுதல் கட்டணத் திட்டம் வைத்திருக்கிறார்கள். நான் தொடவில்லை. ஒரே துறை, ஒரே வருடம், நேர் எதிர்த் திசையில் போக விரும்பும் ஆள், இரண்டு டைரக்டருக்கும் சம்மதம், இத்தனையும் ஒத்துவருவது அபூர்வம், ஒத்துவந்தாலும் அதே மதிப்பீடு, அதே சரிபார்ப்பு இரண்டு பக்கமும் நடந்தாக வேண்டும்.

பாதிப் பணமாவது திரும்பக் கேட்டு எழுதினேன். கடிதம் “டெலிவரி” ஆகிவிட்டதால் ரீஃபண்ட் இல்லை, அதற்குப் பதிலாகக் காலி இட அறிவிப்பை இன்னும் கொஞ்ச காலம் இலவசமாக நீட்டித்துத் தருகிறோம் என்று பதில். நீட்டித்தும் விட்டார்கள். போன வார அறிவிப்பில் மேலிருந்து மூன்றாவது வரியில் என் பழைய புரோகிராம், இன்டர்னல் மெடிசின், இரண்டாம் வருடம், ஒரு இடம் காலி என்று இருந்தது. அது நான் விட்டுவிட்டு வந்த இடம். அதில் ஜூலையிலிருந்தே ஒருவர் வேலை பார்க்கிறார், நான் விட்டு வந்த கிளினிக் நோயாளிகளைப் பற்றி அவ்வப்போது எனக்கே மெசேஜ் போட்டுக் கேட்பார்.